கதிர்வீச்சு அவசரநிலைக்கு ஒரு மருந்துக் கிடங்கைத் தயார்படுத்திய அனுபவம்

கல்பாக்கம் வட்டாரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துக் கிடங்குப் பொறுப்பில் நான் இருந்தபோது, கதிர்வீச்சு அவசரநிலைக்கு வேண்டிய மருந்துகளையும் பாதுகாப்புக் கவசங்களையும் இருப்பில் வைக்கும் வேலை என்னிடம் வந்தது. அணுமின் நிலைய வளாகத்துக்கு வெளியே பரவும் விபத்து நேர்ந்தால், பொதுமக்களுக்கான நடவடிக்கைகளை மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கும் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்; எங்கள் ஊழியர்கள், உள்நோயாளிகள், வாசல்வரை வந்துவிடும் காயம்பட்டவர்கள் ஆகியோரே எங்கள் பொறுப்பு. இந்த எல்லையை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் பதிந்துகொண்டதால் பின்னால் வந்த பல வாக்குவாதங்கள் சீக்கிரம் முடிந்தன.

உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் புதுப்பித்து வெளியிட்ட, கதிர்வீச்சு அவசரநிலைகளுக்கான மருந்துப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் தொடங்கினோம். ஆனால் அது ஒரு நாட்டின் கையிருப்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. எங்களைப் போன்ற மருத்துவமனை அதை அப்படியே வாங்க முற்பட்டால் பணமும் போதாது, வாங்கியதில் பெரும்பகுதி காலாவதியாகவும் செய்யும். ஆகவே ஒவ்வொரு மருந்தையும் பற்றி, அது நோயாளியின் உடலுக்குள் எவ்வளவு நேரத்துக்குள் போயாக வேண்டும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அந்த விடையைக் கொண்டே அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தோம்.

கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும் பொட்டாசியம் அயோடைடு மாத்திரைக்கு அவகாசம் மிகக் குறைவு. கதிரியக்க அயோடின் உடலுக்குள் புகுவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து புகுந்த பின் 2 மணி நேரம் வரை கொடுப்பது சிறந்தது. 8 மணி நேரம் வரையிலும் ஓரளவு பயன் உண்டு. எனவே அது கிடங்கின் பூட்டுக்குள் இருந்து பயனில்லை என்று வாதாடி, மகப்பேறு, குழந்தைகள், அவசர சிகிச்சை ஆகிய பிரிவுகளில் முத்திரையிட்ட பெட்டிகளாக வைத்தோம். சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் உடலில் கலந்தவர்களுக்குத் தரும் பிரஷ்யன் புளூவின் கதை வேறு. 1987-இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம் வெளியே எடுக்கப்பட்டு இரண்டு வாரத்துக்கும் மேல் கழிந்த பிறகே நடந்தது என்னவென்று தெரியவந்தது. அதன் பின்னரே 46 பேருக்கு இந்த மருந்து கொடுக்கப்பட்டது, உடலிலிருந்து சீசியம் வெளியேறும் வேகமும் கூடியது. சில நாள் தாமதத்தைத் தாங்கும் மருந்தை நாங்கள் வாங்கிப் பூட்டிவைப்பதைவிட, தேவைப்படும்போது யாரிடம் கேட்டுப் பெறுவது என்பதை எழுத்துமூலம் உறுதி செய்துகொள்வதே போதும் என்று கருதினோம்.

அயோடைடைக் கொள்முதல் செய்வதுதான் எதிர்பாராத அளவுக்கு இழுத்தது. எங்கள் வழக்கமான விற்பனையாளர்களிடம் பெரியவர்களுக்கான 130 மில்லிகிராம் மாத்திரை இல்லை. ஒருவர் விலைப்புள்ளியில் காட்டியது 150 மைக்ரோகிராம் அயோடின் கொண்ட சத்து மாத்திரை. தைராய்டைக் காக்க 130 மில்லிகிராம் மாத்திரை தரும் 100 மில்லிகிராம் அயோடினுக்கு ஈடாக அதில் 600-க்கும் மேற்பட்ட மாத்திரைகள் வேண்டும். சரியான மாத்திரை ஒருவழியாக வந்து சேர்ந்தபோது அடுத்த கேள்வி எழுந்தது. மூன்று முதல் பன்னிரண்டு வயதுவரை 65 மில்லிகிராம், ஒரு மாதம் முதல் மூன்று வயதுவரை 32, பிறந்த குழந்தைக்கு 16 என்று அளவு இறங்கிக்கொண்டே போகிறது. மாத்திரையின் எட்டில் ஒரு பங்கை நடுக்கமில்லாமல் பிரித்துக் கொடுக்க எந்தச் செவிலியராலும் முடியாது என்பதால், பொடியாக்கும் கருவி, வாய்வழி மருந்துக்கான சிரிஞ்சு, கரைக்கும் முறையைத் தமிழில் எழுதிய அட்டை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பெட்டியிலும் சேர்த்தோம்.

கதிர்வீச்சால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டவர்களுக்கு வெள்ளணுக்களைப் பெருக்கும் ஃபில்கிராஸ்டிம் ஊசியில்தான் எனக்கு முழுத் திருப்தி கிடைத்தது. 2010-இல் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் சிதறி ஒருவர் இறந்ததை நினைவில் கொண்டால், அணு உலை இல்லாத ஊரிலும் இது தேவைப்படலாம். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய இந்த ஊசி எங்கள் புற்றுநோய்ப் பிரிவில் அன்றாடம் செலவாகிறது. அதன் குறைந்தபட்ச இருப்பு அளவை மட்டும் உயர்த்தினோம். பழையது முதலில் செலவாகிப் புதியது பின்னால் வந்து நிற்பதால் காலாவதிக் கவலையே எழவில்லை.

பாதுகாப்பு உடையில், எக்ஸ்ரே அறையில் அணியும் ஈய மேலங்கிகளை வாங்க வேண்டும் என்று நிர்வாகத்தில் சிலர் பிடிவாதமாக இருந்தார்கள். எக்ஸ்ரேக்கு அது போதும். ஆனால் சீசியம்-137-இன் காமாக் கதிரைப் பாதியாகக் குறைக்கவே சுமார் 6 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும் என்னும்போது, அந்த மேலங்கியின் அரை மில்லிமீட்டர் ஈயம் பாரமாகத் தொங்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. தூசி தோலில் படாமலும் மூச்சில் போகாமலும் தடுக்கும் முழு உடல் கவச உடை, என்-95 முகக்கவசம், இரட்டைக் கையுறை ஆகியவையே போதும் என்று எங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் எடுத்துச் சொன்ன பிறகுதான் விவாதம் அடங்கியது. இவற்றில் பெரும்பகுதி கொரோனாக் காலத்து மிச்சமாகவே எங்களிடம் இருந்தது. மீந்த பணத்தில் உடலிலும் உடையிலும் கதிரியக்க மாசு இருக்கிறதா என்று பார்க்கும் அளவுமானிகளையும் ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு அளவிகளையும் வாங்கினோம். பேட்டரியை உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து கருவியைக் கெடுத்துவிடும் என்பதால், தனி உறையிலிட்டு அதே பெட்டியில் வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன்.

ஒத்திகையில் முதலில் தீர்ந்துபோனவை பெரிய பிளாஸ்டிக் பைகளும் ஒட்டு நாடாவும். உடையைக் கழற்றினாலே மேலே படிந்த மாசில் 90 சதவீதம் வரை போய்விடக்கூடும் என்பதால், கழற்றிய ஒவ்வொரு உடைக்கும் பெயர் எழுதிய தனிப் பை தேவைப்பட்டது. மாற்றி உடுத்தக் கொடுக்க எங்களிடம் துணி இருக்கவில்லை. அதற்குப் பிறகு வேட்டி, நைட்டி, குழந்தைச் சட்டைகள் ஆகியவையும் இருப்புப் பதிவேட்டில் ஏறின.

அடுத்த நிதியாண்டில், ஒரு மாத்திரைகூடச் செலவாகாத நிலையில் எதற்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும் என்று தணிக்கையாளர் கேட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் தொகுதி எண், காலாவதித் தேதி, எத்தனை மணி நேரத்துக்குள் தேவைப்படும் என்ற குறிப்பு ஆகியவற்றோடு ஓர் அட்டவணையை அவர் முன் வைத்தேன். அயோடைடுக்கும், பேட்டரிகளுக்கும், அளவுமானிகளைச் சரிபார்க்கும் கட்டணத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. கவச உடைகளை அறுவை அரங்கின் வழக்கமான கொள்முதலோடு சேர்த்துக்கொள்ளும்படி எழுதிக் கையெழுத்திட்டார்.