தமிழ் வழியாகப் பிரெஞ்சும் ஜெர்மனும்: ஆசிரியரின்றிக் கற்ற அனுபவம்

வேலைக்குப் போய்க்கொண்டே, எந்த வகுப்பிலும் சேராமல், பிரெஞ்சையும் ஜெர்மனையும் நானாகவே படிப்பது என்று முடிவு செய்தபோது, இரண்டையும் ஒன்றாகத் தொடங்குவதா, ஒன்றை ஓரளவு முடித்துவிட்டு மற்றதைத் தொடுவதா என்பதுதான் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வியாக இருந்தது. ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட பொது அளவுகோல் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. அதில் மூன்றாவதான பி1, பழகிய விஷயங்களைப் பற்றிப் பிறர் உதவியின்றிச் சமாளித்துப் பேசவும் எழுதவும் முடிகிற நிலை. ஒரு மொழியில் அந்த நிலையை எட்டும்வரை மற்றதைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிரெஞ்சை முதலில் எடுத்ததற்குக் காரணம் ஆங்கிலம். 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் புகுந்தன. ஆகவே ஆங்கிலம் படித்த எவருக்கும் ஒரு பிரெஞ்சுச் செய்தித் தலைப்பு தொடக்கத்திலேயே ஏறத்தாழப் புரிந்துவிடும்.

புரிவது கண்ணுக்குத்தான், காதுக்கு அந்தச் சலுகை கிடையாது. பிரெஞ்சில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தூரம் அதிகம். ‘பேசு’ என்ற வினை, நான், நீ, அவன், அவர்கள் என எழுவாய் மாறும்போது எழுத்தில் விகுதி மாறினாலும், உச்சரிப்பில் நான்கு இடத்திலும் ‘பார்ல்’ என்றே ஒலிக்கும். தனித்து நிற்கும்போது ஒலிக்காத கடைசி மெய்யெழுத்து, அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் திடீரென்று உயிர்பெற்று அதனோடு ஒட்டிக்கொள்ளும். புணர்ச்சி விதிகளைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. ஆனால் தமிழில் புணர்ச்சியைக் கண்ணால் பார்க்கலாம், இங்கே காதால் மட்டுமே பிடிக்க வேண்டும். ‘அவர்களிடம் இருக்கிறது’ என்பதற்கும் ‘அவர்கள் இருக்கிறார்கள்’ என்பதற்கும் பிரெஞ்சில் உள்ள வேறுபாடு, இரண்டிலும் நடுவில் வரும் ‘ஸ்’ ஒலி தொண்டை அதிர்வோடு வருகிறதா, அதிர்வில்லாமல் வருகிறதா என்பது மட்டுமே. தமிழ் எழுத்தில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி அடையாளம் இல்லை. நம் காதும் அவற்றைப் பிரித்துக் கேட்கப் பழகியதில்லை. கழுத்தில் விரலை வைத்து, அதிர்வு வருகிறதா என்று தொட்டுப் பார்த்தபடி இரண்டு வாக்கியங்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகிய பிறகே, பிறர் பேசும்போது அந்த வேறுபாடு கேட்கத் தொடங்கியது.

காதைத் திருத்த எனக்கு உண்மையில் பயன்பட்டது ஒரே ஒரு பயிற்சி: கேட்டு எழுதுதல். பிரான்ஸின் பன்னாட்டு வானொலியான ஆர்எஃப்ஐ, பிரெஞ்சு கற்போருக்காக எளிய மொழியில் பத்து நிமிடச் செய்தியறிக்கை ஒன்றை எழுத்து வடிவத்துடன் வெளியிடுகிறது. அதில் அரை நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஒரு வாக்கியத்தைக் கேட்பது, நிறுத்துவது, காதில் விழுந்ததை அப்படியே எழுதுவது, புரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டு நகர்வது, பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு வேறுபாடுகளைச் சிவப்பில் குறிப்பது. அந்தச் சிவப்புக் குறிகளை வகை பிரித்துப் பார்த்தால் ஒருவருடைய காது எங்கே தடுமாறுகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். என் தாளில் பெரும்பாலானவை சொல் தெரியாததால் வந்தவை அல்ல. தெரிந்த சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒலித்ததால் எல்லை தெரியாமல் போனவை. சொற்பட்டியலை நீட்டிக்கொண்டே போவதால் இந்தக் குறை தீராது என்பதால், கைப்பேசிச் செயலிகளுக்குக் கொடுத்து வந்த நேரத்தில் பாதியைக் கேட்டு எழுதுவதற்கு மாற்றிக்கொண்டேன்.

எண்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சில் 96 என்பது ‘நான்கு இருபது பதினாறு’ என்று வரும். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் நேரான சொற்கள் உண்டு, பிரான்ஸில் அந்த வசதி இல்லை. ஜெர்மனிலோ அதே எண் ‘ஆறும் தொண்ணூறும்’ என்று ஒன்றின் இலக்கம் முன்னால் வரும்படி சொல்லப்படும். ஒருவர் தொலைபேசி எண்ணை இயல்பான வேகத்தில் சொல்ல அதை எழுதிக்கொள்வதுதான் இரண்டு மொழியிலும் நான் கண்ட மிகக் கடினமான தொடக்கநிலைப் பயிற்சி. கேட்டதை மனத்தில் மொழிபெயர்க்காமல் நேராக இலக்கமாக எழுதினால் மட்டுமே கை ஈடுகொடுக்கும்.

நினைவாற்றல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கற்றது எப்படி மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்மீது சோதித்து அளந்து வெளியிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்கும் முறையை, சொற்கள் எழுதிய அட்டைகளைப் பெட்டிகளில் பிரித்து அடுக்கும் முறையாக லைட்னர் என்பவர் 1970களில் மாற்றினார். 2006இல் வந்த அங்கி போன்ற மென்பொருள்கள் அதையே கணினியில் செய்கின்றன. நானும் பயன்படுத்தினேன். தனிச்சொல்லை அட்டையில் எழுதாமல், அது வந்த வாக்கியத்தை எழுதுவது என்பது ஒன்றே நான் சேர்த்துக்கொண்ட விதி. பெயர்ச்சொல் என்றால் பாலைக் காட்டும் முன்னொட்டுச் சொல்லோடு சேர்த்தே எழுதுவேன்.

ஜெர்மனைத் தொடங்கியபோது நிலைமை தலைகீழாக மாறியது. எழுதியபடியே ஒலிக்கும் மொழி என்பதால் காதுக்கு வேலை குறைவு. வேலை முழுவதும் இலக்கணத்தில். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் மொழிகளை வகைப்படுத்தும்போது பிரெஞ்சை எளிய பிரிவிலும், 36 வாரம் தேவை என்ற கணக்கோடு ஜெர்மனை அதற்கு அடுத்த பிரிவிலும் வைக்கிறது. ஆனால் அது ஆங்கிலம் பேசுவோருக்கான கணக்கு. நான் பயன்படுத்திய பாடநூல்களும் அவர்களுக்காக எழுதப்பட்டவையே. எங்கெல்லாம் ‘இது கடினம், பொறுமை தேவை’ என்று அவை எச்சரித்தனவோ, அங்கெல்லாம் ஆங்கில விளக்கத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழில் யோசித்தால் கடினம் பாதியாகக் குறைந்தது.

வேற்றுமையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனில் நான்கு வேற்றுமைகள் உண்டு. அவை ஏறக்குறைய நம் முதல், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகள். நாம் ‘மனிதன், மனிதனை, மனிதனுக்கு, மனிதனுடைய’ என்று பெயரின் கடைசியில் காட்டுவதை அவர்கள் பெயருக்கு முன் நிற்கும் சொல்லில் ‘டேர், டேன், டேம், டெஸ்’ என்று காட்டுகிறார்கள். உருபு எங்கே ஒட்டுகிறது என்பதுதான் வேறு. எதற்காக ஒட்டுகிறது என்பது நமக்கு நன்றாகத் தெரிந்ததே. ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை ஜெர்மானியர்களும் ‘மிர்’ என்ற அதே வேற்றுமையில்தான் சொல்கிறார்கள். ஆங்கில நூல் இதை விதிவிலக்குகளின் பட்டியலில் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறது. ‘நேற்று எனக்கு நேரம் இல்லாததால்’ என்பது போன்ற துணைவாக்கியத்தில் ஜெர்மனிலும் வினை கடைசிக்குப் போய்விடும். வினை வரும்வரை காத்திருந்து கேட்பது தமிழ்க் காதுக்கு இயல்பு என்பதால், வினையின் ஒரு பகுதி பிரிந்து வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கும் அவர்களுடைய பிரிநிலை வினைகளும் என்னைப் பெரிதாக அலைக்கழிக்கவில்லை.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. உயர்திணை, அஃறிணை என்று பொருளை வைத்துப் பால் பிரித்துப் பழகிய நமக்கு, மேசை ஆண்பாலாகவும் கதவு பெண்பாலாகவும் இருப்பதற்குக் காரணம் தேடினால் கிடைக்காது. சில ஈறுகள் உதவும்: ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’ என்று முடிபவை பெண்பால், ‘ஹென்’, ‘லைன்’ என்று முடியும் குறுமைப் பெயர்கள் அலிப்பால். மற்றவற்றை அட்டையில் எழுதிப் படிப்பதைத் தவிர வழியில்லை. பிரெஞ்சில் சூரியன் ஆண், நிலா பெண். ஜெர்மனில் சூரியன் பெண், நிலா ஆண். அதேபோல் ‘மேல்’, ‘கீழ்’, ‘முன்’ முதலான ஒன்பது இடக்குறிப்புச் சொற்கள், ஓரிடத்தை நோக்கிய அசைவு இருந்தால் இரண்டாம் வேற்றுமையையும் இருப்பு மட்டும் என்றால் நான்காம் வேற்றுமையையும் கேட்கின்றன. ‘மேசை மேல் வைத்தேன்’, ‘மேசை மேல் இருக்கிறது’ என்று நாம் இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்வதால் இது கைக்கு வர நீண்ட நாள் ஆயிற்று.

இரண்டாம் மொழி ஏறும்போது முதலில் கற்றது இறங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் பேசிக்கொண்டிருக்கும்போது ‘ஆனால்’ என்ற இடத்தில் ஜெர்மன் சொல் வந்து விழும். தமிழோ ஆங்கிலமோ குறுக்கே வருவதில்லை, வயதுவந்த பிறகு கற்ற இரண்டும்தான் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. ஜெர்மன் ஏ2 நிலையைக் கடக்கும்வரை பிரெஞ்சில் புதிதாக எதையும் படிக்காமல், நாளும் கொஞ்சம் கேட்பதையும் வாசிப்பதையும் மட்டும் விடாமல் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு குழப்பம் தானாகக் குறைந்தது.

ஆசிரியர் இல்லாதவருக்குப் பெரிய சிக்கல், எழுதியதைத் திருத்த ஆள் இல்லாமை. திருத்தும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் மெருகேற்றிக் கொடுத்துவிடுகின்றன. எது பிழை, எது வெறும் நடை வேறுபாடு என்று கற்பவருக்கு விளங்குவதில்லை. இதற்கு நான் நம்பிய முறை மிகப் பழையது. பதினாறாம் நூற்றாண்டில், பின்னாளில் முதலாம் எலிசபெத் அரசியான இளவரசிக்குப் பாடம் சொன்ன ராஜர் ஆஸ்கம், லத்தீனுக்குப் பரிந்துரைத்த இருவழி மொழிபெயர்ப்பு அது. ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பான டாய்ச்ச வெல்லெ நிதானமான வேகத்தில் வாசித்து எழுத்தோடு வெளியிடும் செய்திகளில் ஒரு பத்தியை எடுத்து, நல்ல தமிழில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்வேன். மூலம் நினைவிலிருந்து மங்கும் அளவுக்குச் சில நாட்கள் விட்டு, அந்தத் தமிழை மட்டும் பார்த்து மீண்டும் ஜெர்மனில் எழுதுவேன். பிறகு மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டால் தவறவிட்ட உருபு, இடம் மாறிய வினை, பொருந்தாத சொற்சேர்க்கை எல்லாம் தாமாகவே வெளிப்படும். நடுவில் ஆங்கிலத்தை வைத்தும் சோதித்திருக்கிறேன். ஆங்கிலத்திலிருந்து திரும்பும்போது சொற்களும் அவற்றின் வரிசையும் ஆங்கிலத்தை ஒட்டியே வந்தன. தமிழிலிருந்து திரும்பும்போது வாக்கியத்தை முழுதாகக் கலைத்துக் கட்ட வேண்டியிருந்ததால் ஒவ்வொரு உறுப்பையும் தெரிந்தே தேர்ந்தெடுக்க நேர்ந்தது.

பேச்சுக்கு இணையவழிப் பரிமாற்றத் துணைகள் கிடைத்தார்கள். பாதி நேரம் அவர்கள் மொழி, பாதி நேரம் ஆங்கிலம் என்பது ஒப்பந்தம். பேச்சை இடைமறித்துத் திருத்த வேண்டாம், முடிவில் திரும்பத் திரும்ப வந்த பிழைகளை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது நல்ல பலன் தந்தது. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாரோடு எப்போது மாறலாம் என்ற கூச்சம்கூட நமக்குப் பழகியதுதான்.

தேர்வு எழுதியது சான்றிதழுக்காக அல்ல, நான்கு திறன்களையும் ஒரே அளவில் வைத்திருக்கும் கட்டாயத்துக்காக. பிரெஞ்சு டெல்ஃப் பி1 தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண்; மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. கோதே நிறுவனத்தின் ஜெர்மன் பி1 தேர்வோ நான்கு தனித்தனிப் பகுதிகளாக நடக்கிறது. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும், தவறினால் அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். முதலாவதில் ஒரு திறன் இன்னொன்றின் குறையை மூடும், இரண்டாவதில் மூடாது. தனியாகப் படிப்பவருக்கு இரண்டாவதே நேர்மையான கண்ணாடி என்பது என் எண்ணம். எழுதுவதற்கு முன் நேரம் வைத்து மாதிரித் தாள்களைச் செய்து பார்த்தது, கூடுதல் இலக்கணத்தைவிட அதிகம் உதவியது.

இப்போது ஜெர்மன் நாளிதழ்க் கட்டுரைகளை வாசிக்கிறேன். ‘வீட்டின் முன் நிற்கும் மரம்’ என்று நாம் பெயரெச்சத்தால் பெயருக்கு முன்னே அடுக்குவதை, எழுத்து ஜெர்மனும் ஏறக்குறைய அதே வரிசையில் அடுக்குகிறது. ‘முன்’ மட்டும் வீட்டுக்கு முன்னால் போய் நிற்கும். உயர்நிலைப் பாடநூல்கள் இதற்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கி, வாக்கியத்தைப் பின்னாலிருந்து அவிழ்க்கச் சொல்லித்தருகின்றன. எனக்கு அது முன்னாலிருந்தே படிக்க வருகிறது. பிரெஞ்சில் வாசிப்பும் வானொலியும் தடையில்லை. நாலு பேர் கூடி விரைவாகப் பேசும்போது, இரண்டு சொற்களாக வரும் எதிர்மறையின் முதல் பாதியை விழுங்கிவிட்டு, சொற்களைச் சுருக்கிக்கொண்டே போகும் அந்தப் பேச்சு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதற்காகச் செய்தியை நிறுத்திவிட்டு உரையாடல் நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன்.