பார்ட்னர்ஷிப் டீடுக்கு வக்கீல் எதற்கு?

இரண்டு பேர் சேர்ந்து தொழில் தொடங்கினால் நேராகப் போவது ஆடிட்டர் ஆபீஸுக்குத்தான். அங்கே கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடக்கும் டீடை (பார்ட்னர்களுக்கு இடையிலான ஒப்பந்தப் பத்திரத்தை)த் திறந்து பெயர், முகவரி, பங்கு விகிதம் மூன்றையும் மாற்றி, முத்திரைத்தாளில் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். பான் வாங்க, கரண்ட் அக்கவுண்ட் திறக்க, ஜிஎஸ்டி எடுக்க அது போதும். வரி சம்பந்தப்பட்ட ஷரத்துகளும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மூலதனத்துக்கு 12 சதவீதம் வரை வட்டி, உழைக்கும் பார்ட்னருக்குச் சம்பளம் என்று டீடில் இருந்தால்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும் என்பது ஆடிட்டருக்கு அத்துப்படி. அவர் டீடில் இல்லாமல் போவது பிரிகிற நாள். வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸ் அந்த நாளுக்காகத்தான்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு மசாலா அரவை யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 10 லட்சம் போடுகிறார். இன்னொருவர் 2 லட்சம் போட்டுவிட்டு, காலையிலிருந்து இரவு வரை மில்லிலேயே நிற்கிறார். டீடில் எதுவும் சொல்லாமல் விட்டால் 1932ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வந்து உட்கார்ந்துகொள்ளும்: லாபமும் நட்டமும் சரிபாதி, மில்லில் நின்றவருக்குச் சம்பளம் கிடையாது, 10 லட்சம் போட்டவருக்கு அந்த மூலதனத்துக்கு வட்டியும் கிடையாது. இரண்டு பேருமே இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

இதையாவது மாதிரி டீடுகளில் எப்படியோ எழுதிவிடுகிறார்கள். ஆபத்தான வரி இன்னொன்று: ‘இக்கூட்டாண்மை பங்குதாரர்களின் விருப்பம் உள்ளவரை நடைபெறும்.’ பார்க்கச் சாதுவாக இருக்கும். சட்டப்படி இதற்கு அர்த்தம், யாராவது ஒருவர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாலே நிறுவனம் கலைந்துவிடும் என்பது (பிரிவு 43). தீபாவளி ஆர்டர் கையில் இருக்கும்போது ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தால் கதை முடிந்தது. வக்கீலிடம் இந்த வரியைக் காட்டி, விலக நினைப்பவர் இத்தனை மாத நோட்டீஸ் தர வேண்டும், தொழிலை எடுத்து நடத்தும் முதல் உரிமை விலகாமல் இருப்பவருக்கு என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். பார்ட்னர்கள் இரண்டே பேர் என்றால் ஒருவர் போனதும் அது கூட்டாண்மையாக இருக்காது. தனி உரிமையாளர் தொழிலாகிவிடும். பான் மாறும், ஜிஎஸ்டி புதிதாக எடுக்க வேண்டும், பயன்படுத்தாமல் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை) ஐடிசி-02 என்ற ஜிஎஸ்டி படிவத்தில்தான் மாற்ற முடியும். இதற்கெல்லாம் கையெழுத்துப் போட விலகுபவர் கடமைப்பட்டவர் என்பதும் டீடில் இருக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது லேசான வேலை இல்லை.

மரணத்துக்கான ஷரத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘பங்குதாரர் இறந்தால் அவர் வாரிசு தொடர்வார்’ என்று எழுதி வைத்து நிம்மதியாக இருப்பார்கள். மூன்று நான்கு பேர் இருக்கும் நிறுவனத்தில் இதற்கு வேலை உண்டு. இரண்டே பேர் உள்ள நிறுவனத்தில் ஒருவர் இறந்தால், மீதி இருக்கும் ஒருவரைக் கொண்டு தொடர அங்கே கூட்டாண்மையே இல்லை. ஒருவர் இறந்தால் நிறுவனம் கலையும், டீடில் வேறுவிதமாக எழுதியிருந்தால் கலையாது என்கிறது 42ஆம் பிரிவு; அந்த விலக்கு அங்கே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1965லேயே சொல்லிவிட்டது. அதனால் எழுத வேண்டியது வேறு: இருப்பவர் இறந்தவரின் பங்கை வாங்கிக்கொள்ளலாம், விலை இப்படிக் கணக்கிடப்படும், பணம் இத்தனை தவணையில், இத்தனை நாளுக்குள்.

அந்த ‘விலை இப்படிக் கணக்கிடப்படும்’ என்பதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். ‘முந்தைய மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்படி’ என்றுதான் ரெடிமேட் டீடில் இருக்கும். 8 லட்சத்துக்கு வாங்கிய அரவை மெஷின், வருடம் 15 சதவீதத் தேய்மானத்தில் ஐந்து வருடம் கழித்துக் கணக்கில் சுமார் 3.55 லட்சமாக நிற்கும். நன்றாக ஓடுகிற மெஷினை அந்த விலைக்கு யார் தருவார்கள்? சரக்கும் அப்படித்தான். மிளகாய் வரத்து நேரத்தில் மார்ச்சில் கோடவுன் நிறைந்திருக்கும், அக்டோபரில் காலியாக இருக்கும். பிராண்டுக்கு இருக்கும் நற்பெயரின் மதிப்பு பேலன்ஸ் ஷீட்டில் வராது. ஆகவே மெஷினுக்கு வெளி மதிப்பீட்டாளர், சரக்குக்கு விலகும் தேதியில் எடைபோட்ட கணக்கு, நற்பெயருக்குக் கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் இத்தனை மடங்கு என்று பிரித்து எழுதுவதே உருப்படியானது. மடங்கு எவ்வளவு என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதை வக்கீல் தலையில் போடாதீர்கள். விலகியவரின் கணக்கை முடிக்காமல், மீதி இருப்பவர் தொழிலை ஓட்டிக்கொண்டே இருந்தால், விலகியவர் தன் பணத்துக்கு ஈடான லாபத்தையோ 6 சதவீத வட்டியையோ, எது தனக்கு நல்லதோ அதைக் கேட்கலாம் (பிரிவு 37).

அடுத்தது பெயர். மசாலா பாக்கெட்டில் இருக்கும் பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் யார் பெயரில் போனது? அவசரத்தில் ஒரு பார்ட்னரின் சொந்தப் பெயரில் போட்டுவிடுவது சகஜம். பிரியும்போது அவர் பிராண்டையும் தூக்கிக்கொண்டு போவார். நிறுவனத்தின் பெயரில், எல்லாப் பார்ட்னர்களின் பெயரையும் காட்டி விண்ணப்பியுங்கள். டிரேட்மார்க்கில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; மசாலாவுக்கு வகுப்பு 30. உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், இல்லையென்றால் 9,000.

டீடு எழுதியதோடு வேலை முடியவில்லை, நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். சட்டத்தில் கட்டாயம் இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். 69ஆம் பிரிவின்படி, பதிவில்லாத நிறுவனம் ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. கடைக்காரர் 4 லட்சம் பாக்கி வைத்தாலும் கையைப் பிசைய வேண்டியதுதான். அவர் உங்கள் மேல் வழக்குப் போடத் தடையில்லை என்பது கூடுதல் எரிச்சல். வழக்குப் போட்ட பிறகு பதிவு செய்தால் அந்த வழக்கைக் காப்பாற்ற முடியாது. இன்னொரு ஓட்டை: வழக்குப் போடும் பார்ட்னர்களின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். இடையில் சேர்ந்தவரின் பெயரை ஏற்றாமல் விட்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். எனவே ஃபீஸ் பேசும்போதே டீடு எழுத, பதிவு செய்ய, பிறகு வரும் மாற்றங்களைப் பதிவேட்டில் ஏற்ற என்று தனித்தனியாகக் கேளுங்கள். எத்தனை முறை திருத்தம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே கேள்வி போதும்: பார்ட்னர்ஷிப் தகராறை நீதிமன்றத்தில் நடத்தியிருக்கிறாரா? நடத்தியவருக்கு எந்த வரியில் டீடு உடையும் என்று தெரியும். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். வக்கீல் விளம்பரம் செய்யவும், ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசவும் பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. ‘சகாய விலையில் டீடு’ என்று கண்ணில் படும் ஆன்லைன் விளம்பரங்களின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

அவர் யாருடைய வக்கீல் என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள். 10 லட்சம் போட்டவர் கூட்டிவந்த குடும்ப வக்கீல், மில்லில் நிற்பவருக்காக யோசிப்பார் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. ஒருவர் எழுதட்டும், மற்றவர் வேறு வக்கீலிடம் காட்டி ஒருமுறை படிக்கச் சொல்லட்டும். அதற்கு ஆகும் செலவு அதிகம் இருக்காது.

விலகும் நாளில் செய்ய வேண்டியதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த நிறுவனத்திலிருந்து விலகுபவர், கூட்டாண்மை நிறுவனங்களின் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் விளம்பரம், அந்த மாவட்டத்தில் விற்கும் தமிழ் நாளிதழ் ஒன்றில் விளம்பரம் என மூன்றும் செய்தால்தான் பொது அறிவிப்பு ஆகும் (பிரிவு 72). கடைசி இரண்டை யாரும் செய்வதில்லை. விலகி வருடமாகியும், புதிதாக வாங்கிய மிளகாய்க்கு மண்டிக்காரர் பழைய பார்ட்னர் வீட்டுக் கதவைத் தட்டுவது அதனால்தான்.