ஸ்கீ டூரிங் பைண்டிங்: எங்கே கிரீஸ், எங்கே உலர்வு

மைனஸ் 15 டிகிரியில், பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் குதிகால் பகுதி திரும்ப மறுத்தால் கை முதலில் தேடுவது எண்ணெய் டப்பாவைத்தான். ஆனால் பெரும்பாலும் அங்கே எண்ணெய் குறைந்திருக்காது. உள்ளே தண்ணீர் புகுந்து உறைந்திருக்கும். அதன்மேல் ஸ்பிரே அடித்தால் ஐஸ் அப்படியே இருக்கும். தயாரிப்பாளர் உள்ளே வைத்து அனுப்பிய நல்ல கிரீஸ்தான் கரைந்து வெளியேறும். அதனால் எங்கே கிரீஸ் வேண்டும், எங்கே துளியும் வேண்டாம் என்று பிரித்துத் தெரிந்துகொள்வதே இந்தப் பராமரிப்பில் பாதி வேலை.

இங்கே சொல்வதெல்லாம் முளை வகை பைண்டிங்குக்கு. ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்ட்டெல் 1980களில் வடிவமைத்து, டைனாஃபிட் நிறுவனம் வழியாகச் சந்தைக்கு வந்த அமைப்பு அது. ஆல்ப்ஸில் இன்று ஸ்கீயோடு மலை ஏறுகிறவர்கள் காலில் பெரும்பாலும் இருப்பது அதன் வழிவந்தவைதான். முன்னால் இரண்டு தாடைகள். ஒவ்வொரு தாடையிலும் ஒரு எஃகு முளை. அவை பூட்ஸின் மூக்கில் இருபுறமும் பதித்த எஃகுக் குழிகளைக் கவ்வும். பின்னால் சுழலும் தலை ஒன்று. அதிலிருந்து முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முளைகள் பூட்ஸின் குதிகால் தகட்டிலுள்ள காடிகளில் நுழையும். ஏறும்போது தலையைத் திருப்பிவிட்டால் குதிகால் விடுபடும், இறங்கும்போது நேராக்கிக்கொள்வோம்.

அந்தத் தலை வெறும் திறப்பான் அல்ல. பெரும்பாலான மாடல்களில், கால் முறுக்கிக்கொள்ளும்போது பூட்ஸைப் பக்கவாட்டில் கழற்றிவிடுவதும் அதுதான். சின்ன அதிர்வு வந்தால் சில டிகிரி சுழன்று, ஸ்பிரிங் இழுக்க மறுபடி நடுவுக்கு வந்துவிட வேண்டும். நடு அச்சில் கிரீஸ் காய்ந்திருந்தாலோ குளிரில் கெட்டிப்பட்டிருந்தாலோ அது திரும்பி வராது; கோணலாகவே நிற்கும். அடுத்த அதிர்வு அதை இன்னும் கொஞ்சம் தள்ளும். அதற்கடுத்ததில், விழாமலே பூட்ஸ் கழன்று போகும். உண்மையாகவே கழல வேண்டிய நேரத்தில் இதே உராய்வு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. பைண்டிங்கின் விடுவிப்பு அளவுகோலில் 7 என்று வைத்திருந்தாலும் முழங்காலுக்கு வந்து சேரும் சுமை 7 அல்ல, அதற்கு மேல். ஒரே காய்ந்த அச்சு இரண்டு விதமான ஆபத்தையும் தருகிறது. அதனால் இந்த ஒரு இடத்தில் சோம்பல் கூடவே கூடாது.

எந்த கிரீஸ்

மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிரீஸ் என்பது எண்ணெயைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சோப்பு. லித்தியம் கிரீஸ் என்றால் அந்தப் பஞ்சு லித்தியம் சோப்பு, அவ்வளவுதான். குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் எண்ணெய். சாதாரண கனிம எண்ணெய் மைனஸ் பத்து, பதினைந்து டிகிரிக்குக் கீழே பாகுபோல இறுகத் தொடங்கும். பிஏஓ எனப்படும் செயற்கை எண்ணெயில் செய்த கிரீஸ் மைனஸ் 40 வரைகூட இளக்கமாக இருக்கும். டப்பாவில் என்எல்ஜிஐ 2 என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குளிருக்கு ஆகும் என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. அந்த எண் 25 டிகிரியில் கிரீஸ் எவ்வளவு கெட்டி என்பதை மட்டுமே சொல்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது பயன்பாட்டு வெப்பநிலை வரம்பின் கீழ் எல்லை. அது மைனஸ் 40 அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும். கூடவே, பிளாஸ்டிக்குக்குத் தீங்கில்லை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

சந்தேகமா? இரண்டு பழைய கரண்டிகளில் கையிலுள்ள கிரீஸ்களை மெல்லத் தடவி, ஓர் இரவு வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அங்கே ஏறக்குறைய மைனஸ் 18. காலையில் வெளியே எடுத்த உடனே பல்குச்சியால் கீறிப் பாருங்கள். நல்லது வெண்ணெய்போல வழிவிடும், குச்சியோடு இழுபடும். ஆகாதது மெழுகுபோல முரண்டு பிடிக்கும், சில சமயம் செதிலாகவே உதிரும். விலைச்சீட்டு சொல்லாததை இந்தச் சோதனை சொல்லிவிடும்.

சாதாரண டபிள்யூடி-40 பைண்டிங்குக்கான உராய்வுநீக்கி அல்ல. அதில் பெரும்பகுதி கரைப்பான். உள்ளே போய் இருக்கிற கிரீஸை இளக்கி வெளியே கொண்டுவந்துவிடும். பிரேக் கிளீனர் இன்னும் மோசம், பிளாஸ்டிக்கையே தாக்கும். சிலிக்கான் ஸ்பிரேக்கு ஓர் இடம் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் அதை ஸ்கீமேல் நேராக அடிக்காதீர்கள். ஏறும்போது ஸ்கீக்கு அடியில் ஒட்டும் ஸ்கின்னின் பசையில் அந்தச் சாரல் பட்டால் பசையின் பிடிப்பு போய்விடும்.

சுத்தம் செய்வதும் கிரீஸ் இடுவதும்

பருவத்துக்கு ஒருமுறை போதும். வசந்தகால ஈரப்பனியில் அதிக நாட்கள் ஏறியிருந்தால் இரண்டு முறை. முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் தூரிகை. உயர் அழுத்தக் குழாய் வேண்டாம். அது மண்ணைப் போக்குவதைவிட மண்ணையும் தண்ணீரையும் உள்ளே தள்ளுவதுதான் அதிகம். பிறகு அறை வெப்பத்தில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். காயாத இடத்தில் கிரீஸ் இட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

தலையைக் கழற்றலாமா என்பது மாடலைப் பொறுத்தது. தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டும் கழற்றுங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும் பொருள் இது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விளிம்புள்ள தட்டின்மேல் வைத்துச் செய்யுங்கள். தொடங்கும் முன் இரண்டு அளவுகோல்களையும் போட்டோ எடுங்கள். எம்இசட் என்றால் பக்கவாட்டு விடுவிப்பு, எம்ஒய் என்றால் முன்னோக்கி விழும்போது குதிகால் மேலே விடுபடுவது. திருகைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, தாளில் எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே எண்ணிக்கை, பிறகு போட்டோவோடு ஒப்பிடல்.

உள்ளே இருக்கும் பழைய கிரீஸைத் துடைக்கும் முன் விரலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தேன் நிறமோ வெளிர் நிறமோ இருந்தால் நலம். பால்போல வெளுத்துக் குழைந்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. குளிரில் இறுகியது ஏன் என்ற கேள்விக்கு அதுவே பதில். சாம்பல் நிறத்தில், இரு விரல்களுக்கிடையே நறநறவென்று இருந்தால் உலோகத் தூளும் மணலும். அப்படியானால் அச்சில் கோடு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் இனி கிரீஸ் உதவாது. பகுதியை மாற்றியாக வேண்டும்.

பஞ்சு நூல் விடாத துணியில் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உலர்ந்ததும் புது கிரீஸ். அளவு முக்கியம். நடு அச்சுக்கு மிளகளவு இரண்டு. விரலால் சுற்றிலும் பரப்பினால் உலோகம் மங்கலாகத் தெரிய வேண்டும், வெள்ளைக் கட்டி தெரியக்கூடாது. ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கும், அது தள்ளும் உருளைக்கும் மிளகளவு ஒன்று. கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக் கம்பி திரும்பும் மூட்டுகளுக்குக் கடுகளவு. கூட வைத்தால் குளிரில் அதுவே தடையாகும், மணலையும் பிடித்து வைக்கும். மாட்டி முடித்தபின் தலையைக் கையால் இருபுறமும் சில டிகிரி திருகி விடுங்கள். தயக்கமில்லாமல் நடுவுக்கு ஓடி வரவேண்டும். பிறகு ஸ்கீயை இரவு முழுக்க வெளியே குளிரில் வைத்து, காலையில் இதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் கிரீஸ் சரியில்லை அல்லது கூடிப்போயிற்று. தலையைக் கழற்றி மாட்டிய பைண்டிங்கை, முளை வகையைச் சோதிக்கும் கருவி வைத்திருக்கும் கடையில் ஒருமுறை அளந்து பார்ப்பது கட்டாயம் என்றே சொல்வேன்.

தலையிலிருந்து நீளும் இரண்டு முளைகளுக்கும் மிக மெல்லிய படலம் வேண்டும். தடவிவிட்டுத் துணியால் துடைத்தபின் மிஞ்சுவதே போதும். காரணம் இது. ஸ்கீ வளையும்போது முன்னும் பின்னும் உள்ள பிடிகளின் இடைவெளி மாறுகிறது. அதற்காகவே பழைய டைனாஃபிட் ஸ்பீட் வகைகளில் குதிகாலுக்கும் தலைக்கும் இடையே 4 மில்லிமீட்டர் விடச் சொல்வார்கள். ராடிக்கல் எஸ்டி மாடலில் 5.5. மற்றவற்றுக்கு அவரவர் கையேடு. ஒவ்வொரு வளைவிலும் முளைகள் காடிக்குள் வழுக்கிப் போய் வருகின்றன, எஃகின்மேல் எஃகு. காய்ந்திருந்தால் காடி அரைபடும். முளையில் மேலோட்டமான துரு இருந்தால் மென்மையான தேய்ப்பு நாரால் எடுத்துவிடுங்கள், அரத்தைத் தொடவேண்டாம்.

முன் தாடைகளின் முளைக்கும் பூட்ஸின் மூக்குக் குழிக்கும் கிரீஸ் கூடாது. நடக்கும் வழியில் காலில் ஒட்டும் மண் அந்தக் குழியில் சேரும். கிரீஸோடு சேர்ந்தால் அது அரைக்கும் பசை.

மலையில் ஐஸ்

முன்பிடியின் தாடைகளுக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது, ஸ்பிரிங்குகள் அங்கேதான். ஏறும்போது அதில் பனி விழுந்து, பூட்ஸ் மிதிக்க மிதிக்க அமுங்கி, கல்லாகிவிடும். தாடை மூட வேண்டுமென்றால் அதன் உட்பகுதி கீழே இறங்க வேண்டும். கீழே ஐஸ் இருந்தால் முழுதாக இறங்காது. மேலிருந்து பார்த்தால் மூடியதுபோலவே தோன்றும், ஆனால் முளை குழிக்குள் பாதிதான் போயிருக்கும். முதல் திருப்பத்தில் ஸ்கீ தனியே போகும். இறங்கும் முன் தடியின் முனையாலோ ஒரு மரக்குச்சியாலோ இந்தப் பள்ளத்தைத் தோண்டி எடுங்கள், ஒவ்வொரு முறையும். பிளாஸ்டிக் குளிரில் நொறுங்கும் என்பதால் நெம்பாதீர்கள், கொத்தி எடுங்கள். வீட்டிலேயே, நன்றாகக் காய்ந்த நிலையில், அந்தப் பள்ளத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் துணியில் தொட்ட சிலிக்கானையோ ஸ்கீ மெழுகையோ தேய்த்து வைத்தால் பனி ஒட்டுவது குறையும். சிலிக்கானுக்கு நான் சொன்ன இடம் இதுதான்.

அடுத்தது பூட்ஸின் குழிகள். முன்பிடியில் கால் வைத்ததும் தாடைகளைப் பூட்டும் நெம்புகோலை இழுக்காமல், குதிகாலை ஏழெட்டு முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். முளையே குழிக்குள் இருக்கும் ஐஸை அரைத்து வெளியே தள்ளும். பிறகு ஏறுவதற்கான நெம்புகோலை மேலே இழுத்து எத்தனை கிளிக் என்று கேளுங்கள். காய்ந்த பூட்ஸோடு வீட்டில் எத்தனை வந்தது என்று முன்பே எண்ணி வைத்திருந்தால், மலையில் எண்ணிக்கை மாறுவது உடனே தெரியும். மாறினால் காலை எடுத்து மறுபடி சுத்தம் செய்யுங்கள். குழியில் ஐஸ் விடாப்பிடியாக இருந்தால் சின்னப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால். பிளாஸ்கில் இருக்கும் சூடான தேநீரை ஊற்றுவதை நானும் பார்த்திருக்கிறேன். அது உருக்குவதெல்லாம் சில நிமிடத்தில் இன்னும் ஆழமாகப் போய் உறையும்.

தாடை கழன்றுகொண்டே இருக்கிறதே என்று நெம்புகோலைப் பூட்டிக்கொண்டு இறங்குகிறார்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூட்டினால் பக்கவாட்டு விடுவிப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும். பனிச்சரிவில் சிக்கினால் ஸ்கீ காலோடு ஆளைக் கீழே இழுக்கும். கழல்வதற்குக் காரணம் ஐஸ் என்றால் ஐஸை எடுப்பதுதான் வழி.

இத்தனை தண்ணீரும் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் சூடாக்கியதால். பனியோடு ஸ்கீயைக் காருக்குள் ஏற்றி, ஹீட்டர் போட்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டி, மைனஸ் 12-இல் இறக்கினால் உருகியதெல்லாம் ஸ்பிரிங்கைச் சுற்றி உறையும். ஏற்றும் முன் தூரிகையால் தட்டிவிடுங்கள். கூரைமேல் ஏற்றினால் சாலை உப்பு பைண்டிங்கில் தெறிக்கும். உறை போடுங்கள், வீடு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரால் அலசுங்கள். பிரான்ஸின் சாமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை போகும் பாதைபோல, நாள்கணக்கில் குடில் குடிலாகத் தங்குகிறவர்கள் ஸ்கீயைக் குளிரான இடத்திலேயே விடுவது நல்லது. உறைந்த பனி உறைந்தே இருந்தால் உதறிவிடலாம். பூட்ஸை உள்ளே கொண்டுபோகத்தான் வேண்டும். காலையில் கிளம்பும் முன் அதன் குழிகளையும் குதிகால் காடியையும் காகிதத்தைத் திரித்து ஒற்றி எடுங்கள். அரை நிமிட வேலை.

திருகுகள்

ஸ்கீயில் பைண்டிங்கைப் பிடித்திருக்கும் திருகுகள் பெரும்பாலும் போசிட்ரிவ் 3 எனும் கூட்டல்குறித் தலை வகை. சாதாரண பிலிப்ஸ் முனையைப் போட்டால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சில இத்தாலிய மாடல்களில் டார்க்ஸ் எனும் நட்சத்திரத் தலை இருக்கும், பார்த்து வாங்குங்கள். தளர்ந்த திருகு சுற்றிக்கொண்டே இருந்தால் துளைக்குள் தண்ணீர் போய் ஸ்கீயின் உள்மரம் ஊறியிருக்கலாம். வெளியே எடுத்து, நன்றாகக் காயவிட்டு, மரப்பசை இட்டு இறுக்க வேண்டும். உலோகத் திருகுகளுக்குப் போடும் திருகுப் பூட்டுப் பசையை இங்கே கொண்டுவராதீர்கள். பல பிளாஸ்டிக்குகளில் அது விரிசலை உண்டாக்கும்.

பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது கழுவி, காயவைத்து, குதிகால் முளைகளில் அந்த மெல்லிய படலத்தைப் புதுப்பித்து, முன் தாடைகளை மூடிய நிலையில் விடுங்கள். விடுவிப்புத் திருகுகளைத் தளர்த்தி வைப்பவர்கள் உண்டு. அப்படித் தளர்த்தினால், திரும்ப எந்த எண்ணுக்கு வைக்க வேண்டும் என்று எழுதிய ஒட்டுத்தாளை அந்தத் தலையின்மேலேயே ஒட்டி வையுங்கள்.