'டில்லி' வண்டியின் மட்கார்டுக்குச் சிவப்பு அடித்த கதை

நேற்று ராத்திரி, பெயிண்ட் படாமலிருக்க ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பை உரித்தேன். கோடு கத்தி வைத்து வெட்டியதுபோல் வந்திருக்கிறது! தாமியா கம்பெனியின் 1/35 அளவு (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல், ஆஸ்டின் டில்லி என்ற பிரிட்டிஷ் ராணுவச் சின்ன வண்டி. 1941 லண்டன், ராயல் எஞ்சினியர்ஸ் குண்டு அகற்றும் பிரிவின் வண்டி. உடம்பெல்லாம் மங்கிய காக்கிப் பச்சை, மட்கார்டுகள் மட்டும் பளீரென்ற சிவப்பு.

போர்க்காலத்தில் ராணுவம் எல்லா வண்டிக்கும் கண்ணில் படாமலிருக்கத்தான் வண்ணம் அடித்தது. இவர்களுடைய வண்டி மட்டும் தூரத்திலேயே தெரிந்தாக வேண்டும். ஜெர்மன் குண்டில் 17-ஆம் எண் ஃபியூஸ் (குண்டை வெடிக்கவைக்கும் கருவி) இருந்தால் உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். விழுந்து மூன்று நாள் வரை கழித்துக்கூட வெடிக்கலாம். எத்தனை மணிக்கு வைத்தார்கள் என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்களைத் தெருவில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா? எனக்கு இந்த மாடலில் பிடித்ததே அந்தச் சிவப்புதான். அதனால் அது சரியாக வரும்வரை விடுவதாக இல்லை.

சிவப்பைப் பச்சைமேல் அடித்தால் செங்கல் நிறமாகிவிடும். சாம்பல் நிற பிரைமர் (முதல் பூச்சு) மேல் அடித்தால் மெரூன். எத்தனை கோட் ஏற்றினாலும் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும், மட்கார்டின் விளிம்பும் தடித்துப்போகும். வெள்ளைமேல் அடித்தால் வளைவுகளில் வெளிறித் தெரிகிறது. கடைசியில் கைகொடுத்தது இளஞ்சிவப்பு அடிப்பூச்சு: தாமியா பெயிண்டில் எக்ஸ்எஃப்-2 வெள்ளையில் கொஞ்சம் எக்ஸ்எஃப்-7 சிவப்பு. அதன்மேல் எக்ஸ்எஃப்-7ஐ நன்றாக நீர்க்கவைத்து, மெல்லிய கோட்டுகளாக ஏற்றினேன். சில சொட்டு மஞ்சளும் சேர்த்தேன். இந்த அளவு மாடலில் சுத்தச் சிவப்பு ரொம்பக் கனமாகத் தெரியும். அதை வெள்ளை விட்டு இளக்கினால் ரோஜா நிறமாகிவிடும், மஞ்சள்தான் சரி.

வரிசை முக்கியம். முதலில் சிவப்பு, நன்றாகக் காய்ந்த பிறகு மாஸ்கிங், அப்புறம்தான் பச்சை. பானெட்டின் பக்கவாட்டில் மட்கார்டு வந்து சேரும் அந்தப் பள்ளம் இருக்கிறதே, உயிரை வாங்கும் இடம் அதுதான். டேப்பை ஒரு மில்லிமீட்டர் கீற்றுகளாக வெட்டி, பல்குத்தியால் பள்ளத்துக்குள் அழுத்தி, மற்ற இடத்தைப் புளூ டேக்கால் (களிமண்போல் ஒட்டும் பசை) மூடினேன். பச்சைக்கு முன்னால் டேப் ஓரத்தில் அதே சிவப்பை ஒருமுறை லேசாக அடித்தேன். கசிந்தால் சிவப்புதானே கசியும்; அது காய்ந்து இடுக்கை அடைத்துவிடும். பச்சை முழுசாகக் காய்வதற்குள் டேப்பைத் தாழ மடக்கி இழுத்தாயிற்று.

பெயிண்ட் வாங்குவதுதான் பெரிய தொல்லை. ஆன்லைன் கடை ஒன்று பணத்தை வாங்கிக்கொண்டு, எரியும் பொருளைக் கூரியரில் அனுப்ப முடியாது என்று பிறகு சொல்கிறது. முன்பே சொன்னால் என்ன? பெயிண்டை நீர்க்கவைக்கும் தின்னருக்கு இனி அவர்களை நம்பப்போவதில்லை. கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் நல்ல என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் தாமியா பெயிண்டுக்கு அருமையாக ஒத்துப்போகிறது. மழை நாளில் மட்டும் அடிக்காதீர்கள், பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும்.

டெக்கால் (மாடலில் ஒட்டும் எழுத்து, சின்னம்) இன்னும் பாக்கி. 'பாம் டிஸ்போசல்' எழுத்தை நானே அச்சடிக்க வேண்டும். பானெட்டில் விஷவாயு பட்டால் நிறம் மாறும் மஞ்சள் பச்சைத் திட்டும் வரும். சக்கரமே இன்னும் மாட்டவில்லை, அதற்குள் மனசு அடுத்ததற்குப் போய்விட்டது: குண்டுகளைச் செயலிழக்கவைத்த சஃபோக் பிரபு, அவருடைய செயலாளர் பெரில் மார்டன், ஓட்டுநர் ஃப்ரெட் ஹார்ட்ஸ் மூவரும் வேலை செய்த வேன். 1941 மே 12 அன்று எரித் சதுப்பு நிலத்தில் ஒரு குண்டு வெடித்து மூவரும் போய்விட்டார்கள். அவர்களுக்காக அந்த வேனைச் செய்தே தீருவேன். அதற்கு அப்புறம் இந்திய ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன். 1944இல் இத்தாலியில் கண்ணிவெடிமேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி, பிரிட்டிஷ் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர்.

டில்லிக்குப் பக்கத்தில் வைக்க 250 கிலோ குண்டு ஒன்று வேண்டும், வாலில் மஞ்சள் கோடு போட்ட ஜெர்மன் எஸ்.சி. ரகம். 1/32 விமானக் கிட்டில் வருவது பக்கத்தில் வைத்தால் பெரிதாகத் தெரிகிறது. 1/35க்கு விட்டம் பத்தரை மில்லிமீட்டர் வர வேண்டும். தனியாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் குழாயில் நானே கடைந்துவிடுகிறேன்.