காயின் தாயோ

துபாயில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் மணிலாக்காரர். சோற்று டப்பாவைத் திறந்ததும், அந்தப் பக்கம் யார் போனாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, "காயின் தாயோ" என்பார். வாங்க, சாப்பிடலாம் என்று அர்த்தம். டப்பாவில் இருப்பது ஒரு ஆளுக்கான சோறும் ஒரு துண்டு பொரித்த மீனும்தான்.

அந்தத் 'தாயோ' நமக்குச் சட்டென்று புரியும், ஏனென்றால் அது அப்படியே நம்முடைய 'நாம்'. கேட்பவரை வெளியே நிறுத்திச் சொல்லும் 'நாங்கள்' என்பதற்கு அவர்களிடம் 'காமி' என்று தனிச் சொல் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் கிறிஸ்தவ ஒழுக்கத்துக்கு அடியில் கிடப்பது இந்த 'நாம்'தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னிடத்தில் அன்புகூருவதுபோல் அடுத்தவரிடமும் அன்புகூரு என்ற கட்டளையில், நம் பழைய பைபிள் 'பிறன்' என்கிறது. சொல்லிலேயே அவன் வேற்றாள். அவர்கள் மொழியான தகலோக் பைபிளில் அந்த இடத்தில் 'காப்வா'. 1970களில் பிலிப்பினோ உளவியல் என்ற துறையைத் தொடங்கிய விர்ஜிலியோ என்ரிகேஸ் இந்தச் சொல்லைத்தான் நடுவில் வைத்தார். காப்வா என்றால் மற்றவர் இல்லை, நானும் அவரும் பங்குபோட்டுக்கொள்கிற ஒரே 'நான்'.

சரி, அந்த நாட்டில்தான் 2016இல் போதைப்பொருளுக்கு எதிரான அரசின் போர் தொடங்கியது. போதைக்கு அடிமையானவர்கள் மனிதர்கள்தானா என்று ஜனாதிபதி துதெர்தே வெளிப்படையாகவே கேட்டார். அரசுக் கணக்கிலேயே 6,000 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் சேரி ஏழைகள். பத்தில் எட்டுப் பேர் கத்தோலிக்கர்களாக இருக்கும் நாட்டில், ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களே அதை ஆதரித்தார்கள். என் அறைத்தோழரும்தான். "இப்போதுதான் எங்கள் தெருவில் ராத்திரி நடக்க முடிகிறது" என்றார், காயின் தாயோ சொன்ன அதே வாயால். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இயேசு சபைக் குருவும் உளவியலாளருமான ஹைமே புலாத்தாவோ 1966இலேயே இதை 'இரண்டு தளக் கிறிஸ்தவம்' என்றார். மேல் தளத்தில் ஞானோபதேசம், கீழ்த் தளத்தில் அன்றாட வாழ்க்கை, இரண்டும் முட்டிக்கொள்வதே இல்லை. உண்மைதான், ஆனால் இந்த விஷயத்தில் அது போதாது என்பேன். என் நண்பர் அன்பை விட்டுவிடவில்லை, யாரெல்லாம் 'தாயோ' என்ற எல்லைக்கோட்டை மட்டும் உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார். செத்தவர்கள் அதற்கு வெளியே விழுந்துவிட்டார்கள்.

அவர்களை உள்ளே எடுத்துவர ஃபிளாவி வில்லனுவேவா என்ற பாதிரியார் செய்ததை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது. அவரே ஒருகாலத்தில் போதைப்பழக்கத்தில் கிடந்தவர். மணிலாவில் ஏழைகளின் கல்லறை அடுக்குமாடி மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக, ஐந்து வருட வாடகைக்கு. கெடு முடிந்து பணம் கட்டாவிட்டால் எலும்புகளை அள்ளிவிடுவார்கள். கொல்லப்பட்டவர்களின் விதவைகளிடம் ஏது பணம்? பாதிரியார் அந்த எலும்புகளை எடுத்து, தடயவியல் மருத்துவர் ராக்கெல் ஃபோர்த்துனிடம் கொடுத்தார். இறப்புச் சான்றிதழில் நிமோனியா போன்ற இயற்கைக் காரணம் எழுதப்பட்டிருந்த சிலருடைய எலும்புகளில் குண்டு பாய்ந்த தடம் இருந்தது.

அப்புறம் தகனம் செய்து, சாம்பலைக் கலசத்தில் போட்டு வீட்டாரிடம் கொடுத்தார். கலசங்களை வைக்கவென்றே லா லோமா கல்லறைத் தோட்டத்தில் இப்போது ஒரு நினைவிடம் இருக்கிறது. அங்கே வாடகை கிடையாது.