ஒரே எச்சரிக்கை, மூன்று தடவை

போஸ்னியா சிகரெட் பெட்டி ஒன்றின் படம் பார்த்தேன். புகைத்தால் சாவு என்று மூன்று மொழிகளில் அச்சிட்டிருக்கிறார்கள். போஸ்னியமும் குரோவேஷியமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. செர்பியமும் அதே சொற்கள்தான், லிபி மட்டும் சிரிலிக், ரஷ்ய மொழியை எழுதும் அதே வகை. முதலில் சிரிப்பு வந்தது.

அங்கே தாத்தா எங்கே போய் வணங்கினாரோ அதுதான் பேரனின் இனம். கத்தோலிக்கர் என்றால் குரோவாட், ஆர்த்தடாக்ஸ் என்றால் செர்பியர். போஸ்னியா அப்போது யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதி; அதன் 1971 கணக்கெடுப்பில் ‘முஸ்லிம்’ என்பதே ஓர் இனத்தின் பெயர். தொழுகைப் பக்கமே போகாத கம்யூனிஸ்டும் அதில் சேர்த்தி. 1992இல் போர் வந்தபோது பக்தியை யார் பார்த்தார்கள்? பெயரே போதுமானதாக இருந்தது.

போஸ்னியாவின் மோஸ்தார் நகரில் பாலத்தைக்கூட விடவில்லை. முஸ்லிம்களான உதுமானியத் துருக்கியர் கட்டியதாயிற்றே! 1993 நவம்பரில் குரோவாட் படைகள் சுட்டுச் சுட்டே அதை நெரெத்வா ஆற்றில் விழவைத்தன. 2004இல் திரும்பக் கட்டிவிட்டார்கள், சரி. பள்ளிக்கூடம்? சில ஊர்களில் ஒரே கட்டடம், குரோவாட் பிள்ளைகளுக்கும் போஸ்னியாக் (அன்றைய ‘முஸ்லிம்’ இனத்தின் இன்றைய பெயர்) பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம்.