நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்று வாங்குங்கள்

முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சுடிதாரும் அம்மாவுக்கு ஒரு புடவையும் எடுத்தேன். அதோடு சீருடையில் குத்திக்கொள்ளும் சின்னக் கடிகாரம் ஒன்றையும் வாங்கியிருக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள் நான். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு வந்த முதல் ஆள் என்பதால், வழி கேட்க வீட்டில் யாரும் இல்லை. அப்படி இருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

தேர்வு முடிவு வந்த அன்றே தெருவில் எல்லாரும் 'நர்சம்மா' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். சட்டப்படி அன்று நான் நர்ஸ் இல்லை. தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்து எண் வாங்கிய பிறகுதான் நர்ஸ். சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது அந்த அலுவலகம். எனக்கு அந்தப் பதிவு தாமதமானதற்குக் காரணம் ஓர் எழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால், கல்லூரிச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. இறுதியாண்டில் இருப்பவர்கள் இன்று இரவே எல்லாச் சான்றிதழ்களையும் பாயில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நாளைக்கு வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போக நினைத்தால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுவரை கேட்பார்கள்.

இன்னொன்று, அசல் சான்றிதழ்கள். சில தனியார் மருத்துவமனைகள் வேலையில் சேரும்போது 'சரிபார்க்க' என்று வாங்கி அலமாரியில் பூட்டிவைத்துக்கொள்கின்றன. விலகப்போகும்போது, ஒப்பந்தக் காலம் முடியவில்லை, பணம் கட்டு என்பார்கள். என்னுடன் படித்த ஒருத்தி நல்ல வேலை ஒன்றை இப்படித்தான் இழந்தாள். அசலைக் காட்டுங்கள், சான்றொப்பமிட்ட நகலைக் கொடுங்கள். கொடுத்தே தீர வேண்டும் என்றால், எதையெல்லாம் பெற்றுக்கொண்டார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

நேர்முகத் தேர்வுக்கு உடற்கூறியலை எல்லாம் உருப்போட்டுக்கொண்டு போனேன். நர்சிங் கண்காணிப்பாளர் மேசை மீதிருந்த டிரிப் செட் பாக்கெட் ஒன்றை என் பக்கம் தள்ளி, "500 மில்லி சலைன், நான்கு மணி நேரத்தில் போக வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?" என்றார். சூத்திரம் தெரியும். ஆனால் இந்த செட்டில் ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் விரலால் தட்டிக் காட்டினார், 20. ஐந்நூறை இருபதால் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 42 சொட்டு. குழந்தைகளுக்குப் போடும் மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு. அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. இந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் போட்டுப் பழகுங்கள். நான் போன மூன்று நேர்முகங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இதைக் கேட்டார்கள்.

வேலை கிடைத்தது அறுவைச் சிகிச்சை வார்டில். முதல் மாதம் நான் கற்றுக்கொண்டது வேகம் மட்டுமே. காலை ஏழரைக்கு டியூட்டி ஒப்படைப்பு, அதை நாங்கள் 'ஓவர் கொடுப்பது' என்போம். அதற்குள் இருபத்துச் சொச்சம் பேருக்கு வெப்பநிலை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் எழுதி முடிக்க வேண்டும். எந்த கேஸ் ஷீட்டைப் புரட்டினாலும் மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் 20, 20, 20 என்றே இருந்தது. கல்லூரியில் ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இங்கே யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் என் பேனாவும் தானாகவே 20 போடத் தொடங்கிவிட்டது.

மூன்றாவது மாதம், ஒரு நைட் டியூட்டி. 14ஆம் படுக்கையில் சர்க்கரை நோயாளித் தாத்தா ஒருவர். கால் விரல் புண்ணுக்காக அன்று மாலைதான் சேர்ந்திருந்தார். இரவு இரண்டு மணிக்கு அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினேன், 98. ரத்த அழுத்தம் பரவாயில்லை. "தண்ணி தாகமா இருக்கு தாயி" என்றார். கொடுத்தேன். மூச்சுக் கட்டத்தில் 20 எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.

நாலரை மணிக்கு சீனியர் அக்கா ஒரு சுற்று வந்தார். அந்தப் படுக்கையருகே நின்றார், கடிகாரத்தைப் பார்த்தார், நகரவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீ எண்ணு" என்றார். எண்ணினேன். 34. ஒவ்வொரு மூச்சும் ஆழமாக, ஓடி வந்து நின்றவர் இழுப்பதுபோல. சர்க்கரையைப் பார்த்தால் 480, சிறுநீரில் கீட்டோன். உடனே டியூட்டி டாக்டரை அழைத்து, விடியும் முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு விரல் போனாலும் பத்து நாளில் தாத்தா நடந்தே வீடு போனார். நான் எழுதிய அந்த 20 மட்டும் கேஸ் ஷீட்டில் அப்படியே இருந்தது, என் கையெழுத்தோடு.

அது ஏன் எனக்குத் தெரியாமல் போனது என்பதைப் பிறகுதான் புத்தகத்தில் திரும்பப் படித்தேன். இன்சுலின் போதாமல் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் கூடும்போது, கரியமில வாயுவை வெளியேற்றியாவது அமிலத்தைக் குறைக்க உடம்பு முயல்கிறது. அதனால்தான் அந்த ஆழ்ந்த, வேகமான மூச்சு. நுரையீரல் நன்றாக வேலை செய்வதால் ஆக்சிஜன் 98 என்றே காட்டும். கருவிகளை மட்டும் நம்பினால் அந்த நோயாளி நலமாக இருப்பதாகத் தோன்றும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பிரிட்டனில் பயன்படுத்தும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே மூன்று மதிப்பெண். மற்றது எல்லாம் சரியாக இருந்தாலும் மருத்துவர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். நம் வார்டுகளில் எந்தக் கருவியும் வேண்டாத, செலவே இல்லாத இந்த ஒரு கணக்கைத்தான் நாம் கற்பனையில் எழுதுகிறோம்.

முதல் ஆண்டில் வேகம் வரவில்லையே என்று அழாதீர்கள், அது தானாக வரும். வார்டில் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் யாரைப் பார்த்து எதைப் பழகுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். எனக்கு 20 எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊசி போடுவதில், நோயாளியிடம் பேசுவதில் என்னைவிடப் பத்து மடங்கு கைதேர்ந்தவர்கள். அவர்களிடம் இவற்றைக் கற்றுக்கொண்டேன், அதோடு அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன்.

அன்று இன்னொன்றும் பார்த்தேன், அக்கா டாக்டரிடம் தொலைபேசியில் பேசிய விதம். நானாக இருந்தால், "சார், 14ஆம் படுக்கை ஒரு மாதிரி இருக்கிறார், கொஞ்சம் வருகிறீர்களா" என்றிருப்பேன். தூக்கத்தில் இருப்பவர் "சரி, பார்க்கலாம்" என்று வைத்திருப்பார். அக்கா சொன்னது இது: "சார், அறுவைச் சிகிச்சை வார்டிலிருந்து பேசுகிறேன். 14ஆம் படுக்கை, 66 வயது, சர்க்கரை நோயாளி, கால் புண்ணுக்காக நேற்று சேர்ந்தவர். மூச்சு 34, ஆழமாக இழுக்கிறார். சர்க்கரை 480, சிறுநீரில் கீட்டோன் இருக்கிறது. கீட்டோன் அமிலத்தேக்கம் என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போது வந்து பார்க்க வேண்டும். வருவதற்குள் சலைன் தொடங்கவா?" அரை நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் படியேறி வந்துவிட்டார். போனை எடுக்கும் முன்பு கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாய்மொழியாக மருந்து சொன்னால், எழுதிக்கொண்டு, திருப்பி வாசித்துக் காட்டி, வந்தவுடன் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இன்சுலின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிகளும் உண்டு, மில்லிக்கு 100 யூனிட் உள்ளவையும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் இரண்டு நிறமும் ஒன்றுபோலத் தெரியும். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட் வகை. பேனா ஊசி தீர்ந்துவிட்டது என்று அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் 10 கோடு வரை உறிஞ்சினால், உள்ளே போவது 25 யூனிட். நோயாளி நள்ளிரவில் வியர்த்து மயங்கிக் கிடப்பார், காலையில்தான் காரணம் தெரியும். குப்பி, சிரிஞ்சு, இரண்டிலும் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும் அப்படித்தான். நேராக ரத்தக் குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். சலைனில் கலந்து மெதுவாகத்தான்.

ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம், உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயன் இல்லை. திட்டுவார்கள் என்று இரண்டு நாள் சொல்லாமல் இருந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடப் போய்த்தான் குத்திக்கொண்டான். அப்படியே வெள்ளை டப்பாவில் போட்டிருந்தால் முடிந்தது.

அழுகை வரும். எங்கள் வார்டில் துணி வைக்கும் அறைதான் அதற்கான இடம். நோயாளியின் உறவினர் கத்தினால் பாதி நேரம் அது உங்கள் மீதான கோபம் இல்லை, கட்டணக் கவுன்ட்டரிலிருந்து எடுத்து வந்தது.

அரசு வேலைத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் முதலில் எழுதியது நர்சிங் அலுவலர் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும் என்று தெரிந்தும், விட மனம் இல்லாமல் எல்லாக் கேள்விக்கும் குத்துமதிப்பாக விடையளித்துக் கோட்டை விட்டேன். அடுத்து எழுதியது தமிழகத்தின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு. அதில் தமிழ்மொழித் தகுதித் தாளும் உண்டு, 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். பள்ளியில் வேறு மொழி படித்தவர்கள் இதை அலட்சியம் செய்யாதீர்கள். பயிற்சி மையத்துக்குப் போக எனக்குப் பணமும் இல்லை, நைட் டியூட்டியும் விடாது. செய்தது ஒன்றுதான்: தினமும் வார்டில் ஒரு நோயாளி, அவருக்கு எழுதிய மருந்துகளில் எனக்குத் தெரியாத ஒன்று. அளவு, பக்கவிளைவு, கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், இவ்வளவையும் பாக்கெட் டைரியில் ஒரு பக்கம். நோயாளியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எட்டு மாதத்தில் இரண்டு டைரி நிறைந்தது. தேர்வறையில் மருந்துக் கேள்வி வந்தபோதெல்லாம் ஏதோ ஒரு முகம் நினைவுக்கு வந்தது. இப்போது அரசு மருத்துவமனையில் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். பணி நிரந்தரம் எப்போது என்று கேட்காதீர்கள், நாங்களும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடிகாரத்துக்கு வருகிறேன். கைபேசியை வார்டில் எடுக்க முடியாது. கையில் கட்டினால் மணிக்கட்டுவரை ஒழுங்காகக் கழுவ முடியாது. அதனால் மார்பில் குத்திக்கொள்ளும் வகை, நொடிமுள் உள்ளது. போன வாரம் எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த பெண், "அக்கா, நான் எண்ணுவது தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுகிறார், எண்ணவே முடியவில்லை" என்றாள். உண்மைதான், யாராக இருந்தாலும் மாற்றுவார்கள். நாடி பார்த்து முடித்ததும் கையை எடுத்துவிடாதே என்றேன். விரல்கள் மணிக்கட்டிலேயே இருக்கட்டும், இன்னும் நாடிதான் பார்க்கிறாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். நீ போர்வை ஏறி இறங்குவதை மட்டும் பார், ஒரு முழு நிமிடம்.